சாலுக்கு அளந்து விடும் உரம்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் நடுமேற்குப் பிரதேசத்தில், அயோவா, இல்லினாய் ஆகிய ராஜ்யங்களின் சமவெளிகளில், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மக்காச்சோளமும் சோயாவும் மாறி மாறிப் பயிராகும் கறுப்பு நிலத்தில், வரிசைக்கு வரிசை 30 அங்குலம் இடைவெளி விட்டு விதைப்பது பரவலான வழக்கம். அவ்விதம் ஒரு ஏக்கருக்குள் அடங்கும் வரிசைகளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி வைத்துப் பார்த்தால், அவற்றின் மொத்த நீளம் ஏறத்தாழ 5,300 மீட்டர் ஆகும். மண் பரிசோதனையைப் பார்த்து ஏக்கருக்கு 211 கிலோ உரம் வேண்டுமென்று கணக்கிட்ட குடியானவர் ஒருவர், அதை நிலமெங்கும் விசிறிவிடாமல் பயிர் நிற்கப்போகும் வரிசையை ஒட்டியே மண்ணுக்குள் இறக்கவேண்டுமென்று விரும்பினால், மீட்டர் நீளத்துக்கு அவர் இட வேண்டியது 40 கிராம்; ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும் அளவு. பன்னிரண்டு வரிசைகளுக்கு ஒரே சமயத்தில் உரமிடும் யந்திரத்தை டிராக்டர் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் இழுத்துச் செல்லும்போது, ஒவ்வொரு குழாயின் வழியாகவும் நொடிக்கு 88 கிராம் உரம் இறங்க வேண்டும். பன்னிரண்டு குழாய்களுக்கும் சேர்த்து நொடிக்கு ஒரு கிலோவுக்கு மேல். ஒரு நொடி தாமதித்தாலும் இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகமான நிலம் உரமின்றிக் கடந்துபோய்விடும்.

இவ்வளவு திட்டமாக இன்ன அளவு வேண்டும் என்று கட்டளையிடுவதற்கு விண்ணில் சுற்றும் உபகோள்களும், டிராக்டரின் கூண்டுக்குள் பொருத்திய திரைகளும் இப்போது வந்துவிட்டன. அவற்றின் சாமர்த்தியத்தைப் பற்றி எழுதுவோர் எங்கும் உண்டு. ஆயினும் அந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டியது மூன்று மில்லிமீட்டர் குறுக்களவுகூட நிரம்பாத ஓர் உரக் குருணை. அதன் பருமன் என்ன, கனம் என்ன, காற்றிலுள்ள ஈரத்தை எவ்வளவு எளிதில் இழுத்துக்கொள்ளும் என்பவை குறித்து எழுதுவோர் மிகச் சிலரே. திரையில் தோன்றும் எண்ணுக்கும் மண்ணில் விழும் உரத்துக்கும் இடையே நேரும் வித்தியாசத்தில் பெரும் பங்கு கருவியின் பிழையால் அன்றி, குருணையின் சுபாவத்தாலேயே விளைகிறது என்பது என் அபிப்பிராயம். இக்கட்டுரையும் அதைப் பற்றியதே.

அயோவாக் குடியானவரின் உரத்தில் கலந்திருக்கும் மூன்று பொருள்களும் மூன்று வெவ்வேறு திசைகளிலிருந்து வந்து சேர்ந்தவை. தழைச்சத்துக்குரிய யூரியா, லூயிசியானா முதலிய இடங்களில் இயற்கை வாயுவையும் காற்றிலுள்ள நைட்ரஜனையும் கொண்டு ஆக்கப்பட்டு, மிஸிஸிப்பி நதியில் படகேறி வடக்கே வருகிறது; மணிச்சத்துக்குரிய டி.ஏ.பி., பிளாரிடாவில் வெட்டியெடுக்கும் பாஸ்பேட் பாறையைக் கந்தக அமிலத்தால் கரைத்து, அதில் பிறக்கும் பாஸ்பாரிக் அமிலத்தோடு அம்மோனியாவைச் சேர்த்துச் செய்வது. சாம்பல் சத்துக்குரிய பொட்டாஷோ, கனடாவின் சஸ்காச்சுவான் பிரதேசத்தில், என்றோ வற்றிப்போன ஆதிகாலக் கடல் விட்டுச்சென்ற உப்புப் படிவத்திலிருந்து, பூமிக்குள் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் தோண்டியெடுக்கப்பட்டு ரயிலேறித் தெற்கே வருவது. யூரியா வெள்ளை நிறமும் உருண்டை வடிவமும் உடையது, டி.ஏ.பி. கறுத்த சாம்பல் நிறம் கொண்டது; பொட்டாஷ் தன்னுள் கலந்த இரும்பினால் செம்மை படர்ந்து, உடைத்த கற்கண்டுத் துகள்போல் கோணல் மாணலாக இருக்கும். இந்த வர்ண வேற்றுமை ஒருவகையில் சௌகரியமானது: கலவை சரியாக இருக்கிறதா, பிரிந்து கிடக்கிறதா என்பதைப் பரிசோதனைச்சாலைக்கு அனுப்பாமலே, குவியலின் அருகில் நின்று கண்ணால் ஓரளவு அறிந்துவிடலாம்.

மேலே சொன்ன 211 கிலோ எப்படி வந்தது என்பதையும் பார்த்துவிடலாம். ஏக்கருக்குத் தழைச்சத்து 60 கிலோவும், மணிச்சத்து 23 கிலோவும், சாம்பல் சத்து 30 கிலோவும் வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். டி.ஏ.பி.யில் நூற்றுக்கு 18 பங்கு தழையும் 46 பங்கு மணியும் இருப்பதால், 50 கிலோ போட்டால் மணிச்சத்துத் தேவை முழுவதும் தீர்ந்து, தழையிலும் 9 கிலோ கிடைத்துவிடுகிறது. எஞ்சிய 51 கிலோ தழைக்கு, நூற்றுக்கு 46 பங்கு தழையுள்ள யூரியா 111 கிலோ. நூற்றுக்கு 60 பங்குள்ள பொட்டாஷ் 50 கிலோ. பள்ளிக்கூடக் கணக்குத்தான். கணக்கு முடிந்து, கிடங்கில் கலக்கத் தொடங்கும்போதே விஷயம் சிக்கலாகிறது.

உரக் குருணைகளை மொத்தமாகக் கலந்து விற்கும் இம்முறை 1940-களின் பிற்பகுதியில் இல்லினாயில் தோன்றி, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் நடுமேற்கெங்கும் பரவியது. அதற்குமுன் தொழிற்சாலைகளே குறித்த சில விகிதாசாரங்களில் கலவை செய்து சாக்குகளில் அடைத்து அனுப்பும். குடியானவர் தம் நிலத்துக்கு எது பொருந்தும் என்று கேளாமல், கடையில் எது இருக்கிறதோ அதை வாங்கிப் போவார். ரயில் நிலையத்தை ஒட்டிய சிற்றூர்களில் கூட்டுறவுச் சங்கங்களும் வியாபாரிகளும் மூன்று நான்கு தொட்டிகளையும் ஒரு தராசையும், சுழலும் பீப்பாய் போன்ற கலவை யந்திரம் ஒன்றையும் வைத்துக்கொண்டு, அவரவர் நிலத்துக்கேற்ற விகிதத்தில் அங்கேயே கலந்து கொடுக்கத் தொடங்கியபோது, சாக்கின் செலவும், தொழிற்சாலையில் மறுபடி குருணையாக்கும் செலவும் மிச்சமாயின. வியாபாரம் விரைவாகப் பெருகிற்று. கலவை ஒரே சீராக இல்லை என்ற புகார்களும் கூடவே பெருகின. 1933-இல் நிறுவப்பட்ட டென்னஸி பள்ளத்தாக்கு ஆணையம் அலபாமாவிலுள்ள மஸ்ஸில் ஷோல்ஸ் என்ற ஊரில் உர ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நடத்தி வந்தது. அங்கிருந்த விஞ்ஞானிகள் 1960-களில் இந்தப் புகார்களின் காரணத்தைத் தேடிப் புறப்பட்டார்கள்.

காரணம், நம் வீட்டுப் பெண்மணிகள் முறத்தில் அரிசியைக் கொழிக்கும்போது நொய் ஒரு பக்கமும் முழு அரிசி ஒரு பக்கமுமாகப் பிரிந்துபோவதற்கு எது காரணமோ அதுவேதான். பருமன் வேறுபட்ட குருணைகளை எவ்வளவு நன்றாகக் கலந்தாலும், அவற்றை அசைத்தவுடன் சிறியவை பெரியவற்றின் இடுக்குகளில் புகுந்து அடியில் இறங்கிவிடுகின்றன. கலவையை உயரத்திலிருந்து ஒரே இடத்தில் கொட்டினால் கூம்புபோல் குவியல் எழும்புகிறது. அதன் சரிவில் பெரிய குருணைகள் உருண்டு ஓரத்துக்குப் போக, பொடியானவை விழுந்த இடத்திலேயே நடுவில் தங்குகின்றன. லாரியில் ஒரு கொட்டல், வயலருகில் யந்திரத்தின் பெட்டிக்குள் ஒரு கொட்டல், வழியெல்லாம் குலுக்கல் என்று ஒவ்வொரு படியிலும் இப்பிரிவினை வளர்கிறது. பருமனும் கனமும் வடிவமும் என்ற மூன்றில் எது பிரதானம் என்று அந்த விஞ்ஞானிகள் பரீட்சை செய்து பார்த்ததில், கனமும் வடிவமும் அவ்வளவாகப் பொருட்டல்ல, பருமன் ஒன்றுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது என்று கண்டார்கள். கனத்தில் வேறுபட்டாலும் பருமனில் ஒத்த இரண்டு பொருள்கள் கூடி வாழும். பருமனில் வேறுபட்டவை ஒரே ரசாயனமாயினும் பிரிந்துவிடும்.

இதன் பயனாக உர வியாபாரத்தில் பருமன் எண் ஒன்று புழக்கத்துக்கு வந்தது. ஒரு குவியலில் எடைப்படி பாதிக் குருணைகள் எந்த அளவுக்கு மேலும் பாதி எந்த அளவுக்குக் கீழும் இருக்கின்றனவோ, அந்த மில்லிமீட்டர் அளவை நூறால் பெருக்கினால் அவ்வெண் கிடைக்கும், 2.8 மில்லிமீட்டர் என்றால் 280. கலக்கப்போகும் பொருள்களின் எண்கள் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை என்பது கிடங்குக்காரர்கள் கைக்கொள்ளும் பிரமாணம். பொடிமணியாக வார்த்த யூரியா 160 அளவிலும் பொட்டாஷ் 280 அளவிலும் இருக்குமானால், எந்த யந்திரத்தில் எத்தனை நிமிஷம் சுற்றினாலும் அக்கலவை வயல் போய்ச் சேரும்வரை கலவையாக இராது. விசிறும் தட்டுகளைக் கொண்டு அறுபது எழுபது அடி அகலத்துக்கு உரத்தை வீசுவோருக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. பெரிய குருணை தூரத்தில் போய் விழ, சிறியது அருகிலேயே விழுந்துவிடும். குழாய் வழியாகச் சாலுக்குள் இறக்கும் முறையில் இந்தத் தொல்லை மட்டும் இல்லை.

நம் ஊர்க் கடைகளில் ‘காம்ப்ளக்ஸ்’ என்று கேட்டு வாங்கும் 17:17:17, பாக்டம்பாஸ் என்று வழங்கும் 20:20 முதலியவற்றில் இந்தச் சங்கடமே எழுவதில்லை. ஏனெனில், அவற்றில் ஒவ்வொரு குருணைக்குள்ளும் எல்லாச் சத்துக்களும் அடங்கியிருப்பதால் பிரிந்துபோவதற்கு ஒன்றுமில்லை. பின் ஏன் அமெரிக்கர்கள் அதை விட்டுக் கலவையைப் பற்றினார்கள் என்றால், காம்ப்ளக்ஸில் விகிதாசாரத்தைத் தீர்மானிப்பவன் ஆலைக்காரன். கலவையில் அதைத் தீர்மானிப்பவர் குடியானவர். சாம்பல் சத்து ஏற்கெனவே நிரம்பிய மண்ணில் மறுபடியும் அதையே காசு கொடுத்துக் கொட்ட வேண்டியதில்லை. இந்தச் சுதந்திரத்துக்குக் கொடுத்த விலைதான் மேலே சொன்ன பிரிவினை. என் மதிப்பில் அது நியாயமான பேரமே.

ஈரத்தைப் பற்றிய விவகாரம் இன்னும் விசித்திரமானது. ஒவ்வோர் உரத்துக்கும், காற்றின் ஈரப்பதம் எந்த அளவைத் தாண்டினால் அது நீரை இழுத்துக் கசியத் தொடங்கும் என்று ஓர் எல்லை உண்டு. 30 டிகிரி வெப்பத்தில் யூரியாவுக்கு அது ஏறத்தாழ 73 சதவீதம். அம்மோனியம் நைட்ரேட்டுக்கு 59. இரண்டையும் தனித்தனியே வைத்திருந்தால் வறண்ட நாளில் இரண்டுமே பொலபொலவென்று இருக்கும். இரண்டையும் கலந்துவிட்டாலோ அந்த எல்லை 18 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. அவ்வளவு உலர்ந்த காற்று அயோவாவில் எளிதில் கிடைக்காது. ஆகையால் அக்கலவை கண்ணெதிரே சேறாகிவிடும். உலர்ந்த கலவையில் இவ்விரண்டையும் ஒருபோதும் சேர்ப்பதில்லை; நீரில் கரைத்துத் திரவ உரமாக விற்கும்போதோ இதே ஜோடிதான் அந்நாட்டில் பிரசித்தமானது. சூப்பர் பாஸ்பேட்டோடு யூரியாவைக் கலந்தாலும், பாஸ்பேட்டின் படிகங்களுக்குள் கட்டுண்டிருந்த நீர் வெளிப்பட்டுக் கலவை பிசுபிசுக்கும். டி.ஏ.பி.யை யூரியாவோடு சேர்த்தால் அப்படி நேர்வதில்லை; கலப்புத் தொழிலில் அதற்கு வாய்த்த செல்வாக்குக்கு இதுவும் ஒரு காரணம்.

நுண்ணூட்டச் சத்துக்கள் விஷயத்தில் கணக்கு வேறு விதமாக உதைக்கிறது. துத்தநாகத்துக்காக ஏக்கருக்கு ஜிங்க் சல்பேட் ஒரு கிலோ போதும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டே முக்கால் மில்லிமீட்டர்க் குருணை ஒன்றின் எடை ஒரு கிராமில் ஐம்பதில் ஒரு பங்கு அளவு. ஆகவே ஒரு கிலோவில் இருப்பவை சுமார் 50,000 குருணைகள். அவற்றை 5,300 மீட்டர் சாலில் பரப்பினால் மீட்டருக்கு ஒன்பது அல்லது பத்துதான் விழும். மக்காச்சோளம் அங்கே ஏக்கருக்கு 33,000 செடிகள் அளவுக்கு நெருக்கமாக நிற்பது. செடிக்குச் செடி ஒரு சாண்கூட இடைவெளி இராது. ஆகச் செடி ஒன்றுக்குக் கிடைப்பது ஒன்றரைக் குருணை, அதுவும் எல்லாம் ஒழுங்காக விழுந்தால். துத்தநாகமோ மண்ணில் விழுந்த இடத்தை விட்டு நகராத பொருள். வேர்தான் அதைத் தேடிப் போக வேண்டும். இதனால்தான், துத்தநாகத்தைத் தனிக் குருணையாகச் சேர்ப்பதைவிட, மிக நுண்ணிய பொடியாக்கிச் சிறிது எண்ணெய் தெளித்து டி.ஏ.பி., பொட்டாஷ் குருணைகளின் மேலேயே பூசிவிடும் முறை தோன்றியது. மீட்டருக்கு விழும் இரண்டாயிரம் குருணைகளில் அவ்விதம் பூசிய ஒவ்வொன்றும் அப்போது சிறிதளவு துத்தநாகத்தைச் சுமந்து செல்லும். சராசரிக் கணக்கில் சரியாகத் தோன்றும் ஓர் அளவு செடியின் வேரடியில் எவ்வளவு பொய்யாகிவிடக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி அளந்து விடும் கருவிக்கு வருவோம். பெட்டியின் அடியில், நீளவாக்கில் பள்ளங்கள் வெட்டிய உருளை ஒன்று சுழல்கிறது. ஒவ்வொரு பள்ளமும் தன்னுள் அடங்கிய குருணைகளை அள்ளிக் குழாய்க்குள் தள்ளுகிறது. விசிறியிலிருந்து வரும் காற்று அவற்றைச் சால் திறக்கும் கொழு வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சில யந்திரங்களில் உருளைக்குப் பதில் திருகு இருக்கும்; திருகின் ஒவ்வொரு சுற்றுக்கும் உரம் விட்டு விட்டு விழுவதால், அது சற்று மட்டமான அளவை. எதுவாயினும், உருளை அளப்பது கொள்ளளவைத்தான்; நிலம் கேட்பதோ எடையை. ஒரு லிட்டர் பாத்திரத்தில் யூரியா ஏறத்தாழ முக்கால் கிலோ பிடிக்கும். பொட்டாஷ் ஒரு கிலோவுக்குச் சற்று மேலேயே பிடிக்கும். யூரியாவுக்கென்று வைத்த அதே வேகத்தில் பொட்டாஷை விட்டால், நூற்றுக்கு நாற்பது பங்கு அதிகமாக இறங்கிவிடும். திரையில் ஓர் எண்ணும் மாறாது.

ஆகவேதான் விலையுயர்ந்த யந்திரம் வைத்திருப்பவரும் காலையில் வேலை தொடங்குமுன் ஒரு பழைய சடங்கைச் செய்கிறார். அளவை உருளைக்குக் கீழே உள்ள குழாயைக் கழற்றிவிட்டு, அங்கே ஒரு பையைக் கட்டி, குறித்த எண்ணிக்கையுள்ள சுற்றுகளுக்கு உருளையை ஓட்டி, விழுந்த உரத்தைத் தொங்கு தராசில் நிறுத்து, அந்த எடையைத் திரையில் பதிவு செய்கிறார்; யந்திரம் அதிலிருந்து ஒரு சுற்றுக்கு இத்தனை கிராம் என்று கற்றுக்கொள்கிறது. முதல் தடவை விழுவதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பள்ளங்கள் நிரம்பி ஓட்டம் நிதானப்பட வேண்டுமல்லவா? புதிய லாரி உரம் வந்து சேர்ந்தாலும், காற்றில் ஈரம் ஏறினாலும் இதே சடங்கை மறுபடி செய்வதே உசிதம். முன்காலத்து யந்திரங்களில் உருளையைச் சுற்றியது தரையில் உருளும் சக்கரம். ஈரமண்ணில் சக்கரம் வழுக்கினால் உரமும் குறைந்தது. இப்போது வேகத்தை உபகோள்களின் உதவியால் அறிந்து, தனி மோட்டார் உருளையைச் சுற்றுகிறது. சக்கரத்தின் பிழை போயிற்று, குருணையின் பிழை போகவில்லை. பனி விழுந்த விடியற்காலையில் பெட்டிக்குள் உரம் இறுகி, அடியில் உள்ளது தீர்ந்த பிறகும் மேலே உள்ளது வளைவுபோல் நின்றுவிடுவதும், ஒரு குழாய் மட்டும் அடைத்துக்கொள்வதும் சாதாரணம். உள்ளே ஓட்டத்தை உணரும் கருவி இல்லாவிட்டால் அது ஜூன் மாதத்தில்தான் தெரியவரும்: ஒரே ஒரு வரிசை மட்டும் வயலின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை வெளுத்து நிற்கும்; அடியிலைகளில் நுனியிலிருந்து நடு நரம்பு வழியே மஞ்சள் இறங்கியிருந்தால் தழைச்சத்துக் குறை, ஓரங்கள் தீய்ந்திருந்தால் சாம்பல் சத்துக் குறை.

எவ்வளவு என்பதோடு எங்கே என்பதும் சேர்ந்த கேள்வி. உரம் பெரும்பாலும் உப்பு. விதைக்கு மேல் நேராக விழுந்தால் முளையைக் கருக்கிவிடும், யூரியாவானால் அதிலிருந்து எழும் அம்மோனியாவே போதும். விதையிலிருந்து பக்கவாட்டில் இரண்டு அங்குலம், அதற்குக் கீழே இரண்டு அங்குலம் என்று தொடக்க உரத்தை இடுவது அந்நாட்டில் நெடுங்கால வழக்கம். பயிர் வரிசை வரும் பட்டையை மட்டும் உழுது, மற்ற இடத்தைக் கட்டைத் தாளோடு விட்டுவிடும் பட்டை உழவில், ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்தில் உரத்தை இறக்குவார்கள். சில மாதம் கழித்து விதைப்பு யந்திரம் அதே பட்டையின் மேல், ஓர் அங்குலப் பிசகுக்குள், திரும்பி வர வேண்டும். உபகோள் வழிகாட்டுதல் இதைச் சாத்தியமாக்கியதுதான் இத்துறையில் அது செய்த மெய்யான உபகாரம் என்று நினைக்கிறேன். வயலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, இரண்டரை ஏக்கருக்கு ஒரு மண் மாதிரி எடுத்து, கட்டத்துக்குக் கட்டம் உர அளவை மாற்றுவதும் அதனால் வந்ததே. ஆனால் இரண்டரை ஏக்கருக்குள் மண் எத்தனை விதமாக மாறுகிறது என்பதை அந்த வரைபடம் சொல்லாது. அன்றியும், உருளையின் வேகம் மாறி அந்த மாற்றம் குழாயின் நுனிக்கு வந்துசேர நான்கு நொடி ஆனால் டிராக்டர் அதற்குள் ஒன்பது மீட்டர் போயிருக்கும். கட்டத்தின் எல்லை வருமுன்பே யந்திரம் முன்னோக்கிப் பார்த்து மாறும்படி இதற்கும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

இத்தனை பிரயாசையும் கிராமுக்காக மட்டும் அன்று. அயோவாவின் தலைநகரான டெமாயின் நகரத்துக்குக் குடிநீர் தரும் ரக்கூன் நதியில், மேல்புறத்து வயல்களின் அடியில் புதைத்த வடிகுழாய்கள் வழியே நைட்ரேட்டு கலக்கிறது. குடிநீரில் நைட்ரேட்டு வடிவிலுள்ள நைட்ரஜன் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். அதைப் பிரித்தெடுக்க நகரத்தின் குடிநீர் ஸ்தாபனம் 1990-களின் தொடக்கத்திலேயே தனி ஆலை ஒன்று கட்ட நேர்ந்தது. 2015-இல் அந்த ஸ்தாபனம் மேல்புறத்து மூன்று மாவட்டங்களின் வடிகால் அமைப்புகள்மீது வழக்குத் தொடுத்தது. 2017-இல் வழக்கு தள்ளுபடியாயிற்று. அளவை உருளை திருத்தமாகச் சுழன்றால் இந்த நதி தெளிந்துவிடும் என்று சில விளம்பரங்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. அந்த நைட்ரேட்டில் ஒரு பங்கு உரத்திலிருந்து வருவதல்ல, கறுப்பு மண்ணின் மக்கிலிருந்தே பிறப்பது. அன்றியும், பயிர் சத்தை மிகுதியாக உறிஞ்சும் ஜூன் மாதத்துக்கு முன் பெருமழை பெய்தால், எவ்வளவு நுட்பமாக அளந்து இட்டதும் கரைந்து போகத்தான் செய்யும். ஆயினும், வேண்டாத இடத்தில் வேண்டாத உரம் விழாமல் தடுப்பது சிறிய காரியமன்று.

இப்போது புதிதாக வரும் யந்திரங்களில் ஒரு மாற்றம் காணப்படுகிறது: முன்கூட்டிக் கலக்காமலே கொண்டுபோவது. ஒரே வண்டியில் இரண்டு அல்லது மூன்று தனித்தனி அறைகள் இருக்கும். ஒவ்வோர் அறைக்கும் தனி உருளை, தனி மோட்டார், தனி வரைபடம். குழாய்க்குள் காற்றோட்டத்தில்தான் அவை முதன்முதலாக ஒன்றோடொன்று சேரும், சேர்ந்த சில நொடிக்குள் மண்ணுக்குள் போய்விடும். பிரிவதற்கு அவகாசமே கிடையாது. பருமன் எண் ஒத்திருக்க வேண்டுமென்ற கவலையும் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. பருவம் முடிந்து மிஞ்சிய உரத்தையும் அப்படியே தத்தம் தொட்டிக்குத் திருப்பிவிடலாம், கலந்த பின் மிஞ்சியதை யாரும் அவ்விதம் பிரிக்க முடியாது. ஆனால் வண்டியின் விலையும் பாரமும் ஏறுகின்றன. மூன்று உருளைகள் இருந்தால் காலையில் மூன்று தடவை பை கட்டி நிறுத்தாக வேண்டும். உப்பு அரிக்காமலிருக்க மூன்று அறைகளையும் பருவ இறுதியில் கழுவித் துடைக்க வேண்டும். ஆகையால் நடுத்தரப் பண்ணைக்காரர்களில் பலர் இன்னும் ஊர்க் கூட்டுறவுக் கிடங்குக்கே போய், யூரியாவும் பொட்டாஷும் இவ்வருஷம் எந்தப் பருமன் எண்ணில் வந்திருக்கின்றன என்று விசாரித்துவிட்டு, கலவைக்குச் சீட்டு எழுதச் சொல்கிறார்கள்.